பட்டியலில் ஒரு தங்கச் சங்கிலி

கேள்வி: 1997 தை மாதம் டர்பனில் ஒரு கோவிலில் எங்களுக்குத் தமிழ் முறைப்படி கல்யாணம் நடந்தது. பதிவுக் கையெழுத்து வேலையைப் பிறகு ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்தப் 'பிறகு' வரவே இல்லை. பிள்ளைகள் இல்லை. அவர் ஜேக்கப்ஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நான் பதினெட்டு வருடம் துணி ஆலையில் தைத்தேன். சாட்ஸ்வர்த் வீட்டுக் கடனை இருவரும் சேர்ந்துதான் அடைத்தோம்; பத்திரம் அவர் பெயரில் மட்டும் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். உயில் இல்லை. மாமனார் இல்லை, மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். கொழுந்தன்மார் இருவரும், இறந்தவர்களின் சொத்து விவகாரத்தைப் பார்க்கும் மாஸ்டர் அலுவலகத்தில் அவரை 'மணமாகாதவர்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் சட்டப்படி மனைவி இல்லையாம். மாத முடிவுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும், உரிமை எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டால் 80,000 ராண்ட் தருவோம் என்று அவர்களுடைய வக்கீல் எழுதியிருக்கிறார். பதினாறாம் நாள் கழற்றிய என் தாலியும் அவர்களிடம்தான் இருக்கிறது. ஓர் ஏஜென்ட், 6,000 ராண்ட் கொடுத்தால் பழைய தேதியில் திருமணச் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நான் என்ன செய்வது? இதெல்லாம் என் தவறுதானா?

– வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: அம்மா, எனக்கு வருகிற பத்துக் கடிதங்களில் ஒன்பது ஆங்கிலத்தில்தான் வருகின்றன. உங்களுடையது அழகான கையெழுத்தில் தமிழில் வந்தது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறவர் நீங்கள் என்பதைக் கடைசி வரியில்தான் பார்த்தேன். நானும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டைக் காலி செய்யாதீர்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏஜென்டுக்கு ஒரு சென்ட்கூடக் கொடுக்காதீர்கள்.

ஏஜென்டை முதலில் அனுப்பிவிடுவோம். இறந்துபோன ஒருவரின் கோவில் திருமணத்தை இன்று புதிதாகப் பதிவுசெய்ய ஹோம் அஃபேர்ஸில் வழி கிடையாது. பழைய தேதியிட்டு வரும் சான்றிதழ் போலியாகத்தான் இருக்கும். உங்கள் கையில் நல்ல வழக்கு இருக்கிறது. அதற்குள் ஒரு போலிக் காகிதத்தைச் செருகினால் மிச்சமிருக்கும் உண்மைக் காகிதங்களுக்கும் மதிப்புப் போய்விடும். மோசடிக் குற்றச்சாட்டு தனியாக வரும். வீட்டு விஷயமும் எளிதுதான். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது நம் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு. அந்த உத்தரவை எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. வக்கீல் கடிதம் நீதிமன்ற உத்தரவு ஆகாது, எவ்வளவு தடித்த தாளில் அச்சடித்திருந்தாலும்.

இனி நீங்கள் இணைத்திருந்த தாள்களுக்கு வருகிறேன். இறப்பு அறிவிப்புப் படிவத்தில் 'மணமாகாதவர்' என்ற இடத்தில் பேனாவை அழுத்திக் குறியிட்டிருக்கிறார் உங்கள் பெரிய கொழுந்தனார். அடுத்தது சொத்துப் பட்டியல்: வீடு, பழைய டொயோட்டா கார், வங்கிக் கணக்கு, வீட்டுச் சாமான்கள், அதற்குக் கீழே 'தங்கச் சங்கிலி, பதக்கத்துடன், ஒன்று'. அந்த வரியை இரண்டு முறை படித்தேன். அது உங்கள் தாலி. பதினாறாம் நாள் கருமாதியில், சொந்தபந்தம் கூடியிருக்க, கைம்பெண்ணுக்குச் செய்ய வேண்டிய சடங்கு என்று உங்கள் கழுத்திலிருந்து கழற்றி வாங்கியிருக்கிறார்கள். அடுத்த வாரமே மாஸ்டர் அலுவலகத்தில் போய், இவருக்கு மனைவியே இல்லை என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்திருக்கிறார்கள். மனைவி இல்லாத வீட்டில் யாருடைய தாலியைக் கழற்றினார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். இந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் தரப்புச் சாட்சியத்தில் இதைவிடக் கெட்டியானது வேறொன்று இருக்குமா என்று சந்தேகம்தான்.

இவ்வளவு அவசரம் எதற்கு? உயில் இல்லாதவர் சொத்து 1987ஆம் ஆண்டின் உயிலில்லா வாரிசுரிமைச் சட்டப்படிதான் போகும். துணை இருந்து பிள்ளைகள் இல்லையென்றால், கடன் போக மிச்சம் முழுவதும் துணைக்கே. துணையும் இல்லை, பிள்ளைகளும் இல்லை, தாய் மட்டும் உயிரோடு இருக்கிறார் என்றால் பாதி தாய்க்கு, மறுபாதி இறந்த தந்தையின் மற்றப் பிள்ளைகளுக்கு. அதாவது உங்கள் கொழுந்தன்மாருக்கு. நீங்கள் மனைவி என்றால் அவர்களுக்கு ஒரு செங்கல்லும் கிடையாது. இல்லையென்றால் வீட்டில் பாதி. 'மணமாகாதவர்' என்ற அந்தக் குறியின் விலை அதுதான். 80,000 ராண்ட் தாராள மனதிலிருந்து வந்ததல்ல என்பதும் இப்போது புரிந்திருக்கும்.

அவர்களுடைய வக்கீல் ஒரு தீர்ப்பைக் காட்டி உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்: சிங் எதிர் ராம்பர்சாத், டர்பன் உயர் நீதிமன்றம், 2007. அந்தத் தீர்ப்பு உண்மைதான். இந்து முறையில் மணந்து பதிவு செய்யாத ஒரு பெண், விவாகரத்துக் கேட்டு நீதிமன்றம் வந்தார். 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி இது திருமணம் ஆகாது; பதிவு செய்ய வாய்ப்பு இருந்தும் நீங்கள் இருவரும் செய்யவில்லை என்று நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. வக்கீல் கடிதம் அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. அதே டர்பன் நீதிமன்றம் கொஞ்ச காலத்திலேயே கொடுத்த இன்னொரு தீர்ப்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

அது கோவெண்டர் எதிர் ராகவய்யா. 2009ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. அதுவும் பதிவாகாத இந்துத் திருமணம்தான். கணவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். வாரிசுரிமைச் சட்டத்தில் 'துணை' என்று எழுதியிருக்கும் சொல்லில், ஒருதார இந்துத் திருமணத்தில் உயிரோடிருக்கும் துணையும் அடங்குவார் என்று நீதிமன்றம் அறிவித்தது. இதற்கு வழி போட்டது 2004இல் அரசியலமைப்பு நீதிமன்றம் கொடுத்த டேனியல்ஸ் எதிர் கேம்பெல் தீர்ப்பு. கேப்டவுனில் இஸ்லாமிய முறைப்படி மட்டும் மணந்த ஒரு கைம்பெண்ணின் வழக்கு. அங்கும் சிக்கல் குடியிருந்த வீடுதான். 'துணை' என்ற சொல்லை ஊர் வழக்கில் எப்படிப் புரிந்துகொள்வார்களோ அப்படியே படித்தால் இவரும் அதில் வருவார். இத்தனை காலம் இவரை வெளியே விட்டதுதான் பழைய பாரபட்சம் என்ற போக்கில் நீதிபதி ஆல்பி சாக்ஸ் எழுதினார்.

இந்த இரண்டு டர்பன் தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வாழும்போது பிரிய வேண்டும் என்று வருகிறவளிடம், நீ மனைவியே அல்ல என்கிறது சட்டம். கணவன் போனபின் வருகிறவளிடம், நீதான் மனைவி என்கிறது. பதிவு செய்யாத இந்துப் பெண்ணைத் தென்னாப்பிரிக்கச் சட்டம் மனைவியாகப் பார்ப்பது அவள் கைம்பெண்ணான பிறகுதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் உங்கள் வழக்கு விழுந்திருப்பது சட்டம் கண் திறந்திருக்கும் பக்கத்தில். கொழுந்தன்மாருடைய வக்கீல் விவாகரத்துத் தீர்ப்பைக் காட்டி வாரிசுரிமையைப் பறிக்கப் பார்க்கிறார்.

அவர் இன்னொன்று சொல்லலாம்: கோவெண்டர் தீர்ப்பு ஒரு மாகாண நீதிமன்றத்தினுடையது, அரசியலமைப்பு நீதிமன்றத்தினுடையது அல்ல என்று. சரிதான். அதற்கும் பதில் இருக்கிறது. 2021 டிசம்பர் 31 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் ப்வான்யா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஜிம்பாப்வேயிலிருந்து வந்து வீட்டுவேலை செய்த ஒரு பெண். திருமணம் எதுவும் நடக்கவில்லை, நடக்கப் போகிறது என்ற நிலையில் அவருடைய துணைவர் இறந்துவிட்டார். ஒருவரையொருவர் தாங்குவதாக ஏற்றுக்கொண்டு நிலையாகச் சேர்ந்து வாழ்ந்தவர்களையும் வாரிசுரிமைச் சட்டத்தில் சேர்க்காமல் விட்டது செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. தாலியே கட்டாத பெண்ணுக்கு அந்த இடம் உண்டென்றால், தாலி கட்டி இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஒரே அடுப்பில் சமைத்த உங்களுக்கு இல்லை என்று யாரால் வாதாட முடியும்? ஆகவே உங்கள் மனுவில் இரண்டையும் எழுத வேண்டும். முதலில் மனைவி என்று, அது நிற்காவிட்டால் வாழ்க்கைத் துணை என்று. வாழ்க்கைத் துணை என்ற சொல் உங்களுக்குக் கசக்கும் என்பது தெரியும். வழக்கு மனுவில் மாற்று வாதத்துக்கு இடம் உண்டு. அதை எழுதுவதால் முதல் வாதத்தை விட்டுக்கொடுத்ததாக ஆகாது.

இதற்கும் பிறகு மூன்றாவது கதவு ஒன்று உண்டு. சேர்ந்து உழைத்துச் சேர்த்த சொத்தில் கூட்டாளி என்ற உரிமை. 2012இல் பட்டர்ஸ் எதிர் ம்ன்கோரா வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், மணமாகாமல் சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்கு ஆணின் சொத்தில் 30 விழுக்காடு கொடுத்த தீர்ப்பை நிலைநிறுத்தியது. வீட்டைப் பார்த்துக்கொண்டதும் உழைப்புதான் என்று ஏற்றது. வீட்டுக் கடனுக்கு உங்கள் சம்பளத்திலிருந்து பணம் போன வங்கித் தாள்கள் கிடைத்தால் எடுத்து வையுங்கள். அவை தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

இது உங்கள் தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பெற்றோர் மவுண்ட் எட்ஜ்கம் கோவிலில் தாலி கட்டிக்கொண்டு பதினான்கு வருடம் கழித்துத்தான் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டார்கள். அதுவும் வீடு வாங்கக் காகிதம் கேட்டதால். நான் பள்ளிச் சீருடையில் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். அப்பா அரைநாள் விடுப்பு எடுத்திருந்தார். "எனக்கு ரெண்டு கல்யாணம், ஒரே மாப்பிள்ளை" என்று அம்மா கடைசிவரை சொல்லிச் சிரிப்பார். நம் வீடுகளில் கோவிலில் நடப்பதுதான் கல்யாணம். மற்றது காகித வேலை. இந்த ஊர்ச் சட்டம் அதைத் தலைகீழாகப் பார்க்கிறது, அதுவும் நூறு வருடத்துக்கு மேலாக. 1913 மார்ச்சில் கேப் நீதிபதி சர்ல், கிறிஸ்தவ முறையில் நடக்காத, பதிவாகாத திருமணங்கள் இங்கே செல்லாது என்ற பொருளில் ஒரு தீர்ப்புச் சொன்னார். ஒரே நாளில் நம் பாட்டிமார் எல்லோரும் மனைவி அல்லாதவர்கள் ஆனார்கள். அந்த ஆண்டு சத்தியாக்கிரகத்தில் பெண்கள் சிறைக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். பதினாறு வயதுத் தில்லையாடி வள்ளியம்மை சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்து 1914 பிப்ரவரியில் இறந்துபோனாள். அதே ஆண்டு வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் ஒரு வழி திறந்தது. ஆனால் அந்த வழி பதிவேட்டின் ஊடாகத்தான் போனது.

இன்றும் அப்படியேதான். 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியச் சமயச் சடங்குகளின்படி மணம் செய்து வைக்கும் குருக்களை அரசு திருமண அதிகாரியாக நியமிக்கலாம். அப்படி நியமனம் உள்ளவர் நடத்திப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினால் கோவில் கல்யாணமே சட்டக் கல்யாணமாகிவிடும். நியமனம் இல்லாதவர் நடத்தினால் இல்லை. மணவறையில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? அதனால் முதல் வேலையாகக் கோவிலுக்குப் போய், 1997இல் உங்களுக்கு மணம் நடத்திய குருக்களுக்கு அந்த நியமனம் இருந்ததா என்று கேளுங்கள். ஹோம் அஃபேர்ஸிலும் உங்கள் அடையாள எண்ணைக் கொடுத்து மணநிலை என்னவென்று பாருங்கள். அன்றைய பரபரப்பில் ஏதோ புத்தகத்தில் கையெழுத்துப் போட்டதே நினைவில்லாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். பதிவு இருந்துவிட்டால் வழக்கே வேண்டாம். வீட்டில் பாதி வாரிசுரிமைக்கு முன்பே உங்களுடையதாகிவிடும், ஏனென்றால் முன்கூட்டி ஒப்பந்தம் செய்யாத பதிவுத் திருமணத்தில் சொத்து இருவருக்கும் பொது.

முஸ்லிம் சகோதரிகளுக்கு இந்தச் சிக்கலில் ஒரு பகுதி தீர்ந்துவிட்டது. 2022 ஜூனில் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையொட்டி, 2024இல் விவாகரத்துச் சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் முஸ்லிம் திருமணங்களை மட்டுமே சொல்கிறது. எல்லாச் சமயத் திருமணங்களையும் ஒரே குடைக்குள் கொண்டுவரும் மசோதா 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதை நம்பி நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போது செய்ய வேண்டியது. டர்பன் மாஸ்டர் அலுவலகத்துக்கு எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். எஸ்டேட் (இறந்தவர் சொத்து) எண் வக்கீல் கடிதத்தின் தலைப்பில் இருக்கிறது. நான் மனைவி, இறப்பு அறிவிப்பில் உள்ள தகவல் பொய், அந்தச் சொத்துக்கு நிர்வாகியாக என்னை நியமியுங்கள் என்று கேளுங்கள். ஒருவருக்கு மேல் பேர் முன்மொழியப்பட்டால் உயிரோடிருக்கும் துணைக்கே மாஸ்டர் முதலிடம் தர வேண்டும் என்கிறது 1965ஆம் ஆண்டு எஸ்டேட் நிர்வாகச் சட்டம். கொழுந்தனாருக்கு ஏற்கெனவே நியமனக் கடிதம் போய்விட்டிருந்தாலும் கதை முடிந்துவிடாது. அவர் தயாரிக்கும் இறுதிக் கணக்கு குறைந்தது 21 நாள் பொதுப் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும், அப்போதும் ஆட்சேபிக்கலாம். ஆனால் அதுவரை விட்டுவைக்காதீர்கள். வீடு கைமாறிய பிறகு அதைத் திருப்புவது வேறு சண்டை. வீட்டுப் பத்திரத்தின் நகலைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்சேபணையோடு சாட்சியங்கள் போக வேண்டும். கோவில் புத்தகத்தில் உங்கள் கல்யாணம் எழுதிய பக்கம். மஞ்சள் தடவிய பத்திரிகை. தாலி கட்டும் படம், கொழுந்தன்மார் பக்கத்தில் நிற்கிற படமாக இருந்தால் இன்னும் நல்லது. மருத்துவத் திட்டத்திலும் ஈமச்செலவுக் காப்பீட்டிலும் உங்களைத் துணை என்று அவர் எழுதிக் கொடுத்த படிவங்கள். கருமாதிக்கு அவர்களே அச்சடித்த நினைவு அட்டையில் 'அன்பு மனைவி' என்று உங்கள் பெயர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் ஐந்தாறு பிரதிகள் சேகரித்து வையுங்கள். கருமாதிக்கு வந்த இரண்டு பெரியவர்கள், உறவுக்காரராக இல்லாதவர்கள், அன்று நடந்ததை உறுதிமொழிப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். ஒரு சின்ன எச்சரிக்கை: கோவில் புத்தகத்தில் 'முதலியார்' என்றும் அடையாள அட்டையில் 'மூட்லி' என்றும் இருக்கிறது. கரும்புத் தோட்டக் காலத்தில் வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் இவை. கவுண்டர் கோவெண்டர் ஆனதும் அப்படித்தான். இரண்டும் ஒருவரே என்று ஒரு வரி உறுதிமொழி தனியாகச் சேர்த்துவிடுங்கள்.

மாஸ்டர் நீதிபதி அல்ல. எதிர்த் தரப்பு பிடிவாதம் பிடித்தால் உயர் நீதிமன்றத்தில் அறிவிப்பு வாங்கி வரச் சொல்வார். அதற்குப் பணம் வேண்டுமே என்று கலங்காதீர்கள். அரசின் சட்ட உதவி அமைப்பிலும் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகச் சட்ட உதவி மையத்திலும் கேளுங்கள்.

தொழிற்சாலை ஓய்வூதிய நிதியைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். கல்யாணத்துக்கு முன் அவர் தம்பி பெயரை எழுதி வைத்திருந்தார், அதனால் எல்லாம் போச்சு என்று. போகவில்லை. அந்தப் பணம் எஸ்டேட்டில் சேராது. ஓய்வூதிய நிதிச் சட்டத்தின் 37சி பிரிவுப்படி, இறந்தவரைச் சார்ந்திருந்தவர்கள் யார் என்று அறங்காவலர்களே விசாரித்துப் பிரிக்க வேண்டும். முன்பு எழுதி வைத்த பெயர் அவர்களைக் கட்டுப்படுத்தாது. அதைவிட நல்ல செய்தி, அந்தச் சட்டத்தில் 'துணை' என்பதன் விளக்கத்திலேயே சமய முறைப்படி மணந்தவரும் சேர்க்கப்பட்டிருக்கிறார். அங்கே உங்களுக்குத் தீர்ப்பு எதையும் காட்ட வேண்டிய வேலையே இல்லை. இந்த வாரமே நிதி அலுவலகத்துக்கு எழுதுங்கள். மகன் சம்பாத்தியத்தில் வாழ்ந்த உங்கள் மாமியாருக்கும் அதில் ஒரு பங்கு போகலாம். அதற்கு மனம் நோகாதீர்கள். அந்த அம்மா எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை என்பதைக் கவனித்தேன். சாட்சி சொல்ல அவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கடைசியாகத் தாலி. பதிவு இல்லாவிட்டால் உங்கள் சொத்தும் அவர் சொத்தும் தனித்தனி. வீட்டு விஷயத்தில் அது உங்களுக்குப் பாதகம். இந்த ஒரு பொருளில் சாதகம். மணவறையில் உங்களுக்குக் கொடுத்தது உங்களுடையது, எஸ்டேட்டில் சேராது. ஆட்சேபணைக் கடிதத்தில் பட்டியலின் அந்த வரியைத் தனியாகச் சுட்டி, நீக்கச் சொல்லுங்கள். பொருளைத் திருப்பிக் கேளுங்கள். ஒப்படைக்கும்போது வக்கீல் அலுவலகத்தில் ரசீது நீட்டுவார்கள். அதிலும் 'தங்கச் சங்கிலி, பதக்கத்துடன், ஒன்று' என்றுதான் அச்சடித்திருக்கும். அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே 'தாலி' என்று எழுதி, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.